ஸ்கோலின் போடும் முன் நாள் எண்ணுங்கள்: தசை தளர்த்தி மருந்தும் ரத்தப் பொட்டாசியமும்

“பாட்டா, எப்ப விழுந்தீங்க?”

“சவேரியார் கோயில் திருவிழால மக்ளே. எட்டாம் திருவிழா அன்னைக்குக் காலைல.”

தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துவிட்ட மனிதர். அன்று குடல் அடைப்புக்கு அவசர ஆபரேஷன். வயிறு பானை போல உப்பியிருந்தது, இரவெல்லாம் வாந்தி. வயிறு நிறைந்தவருக்கு மயக்கம் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்குழாயில் டியூப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதற்குக் கை பழகிய மருந்து ஸ்கோலின் என்ற தசை தளர்த்தி. என்னோடு நின்ற இளம் டாக்டர் அதைச் சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் ஒட்டி, டிரேயில் வைத்துவிட்டார். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 4.4. கேஸ் ஷீட்டில் “நடக்க இயலாது” என்று ஒரே வரி.

கோட்டாறு சவேரியார் திருவிழா பத்து நாள், டிசம்பர் 3-ம் தேதி முடியும். எட்டாம் திருவிழா என்றால் டிசம்பர் 1. நாங்கள் தியேட்டரில் நின்றது மண்டைக்காட்டுக் கொடை சமயம், மார்ச் முதல் வாரம். தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. அந்தச் சிரிஞ்சைக் குப்பையில் போடச் சொன்னேன்.

ஏன் போடச் சொன்னேன் என்பதைத்தான் படிப்படியாக எழுதப்போகிறேன். மயக்கவியல் படிக்கிறவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், தியேட்டர் டெக்னீஷியன்கள், நர்ஸுகள் ஆகியோருக்கு இது. கடைசிப் படி மட்டும் வீட்டுக்காரர்களுக்கு. இதில் வரும் அளவுகள் மானிட்டர் ஓடும் இடத்தில், பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியவை.

முதல் படி: எந்தத் தளர்த்தி?

இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையையும் தசை தளர்த்தி என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தியேட்டரில் கொடுக்கும் தளர்த்தி நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வேலை செய்து மூச்சுத் தசை வரை எல்லாவற்றையும் நிறுத்தும். வலியைக் குறைக்காது, தூங்கவும் வைக்காது.

இதில் இரண்டு சாதி உண்டு. ரோக்குரோனியம், வெக்குரோனியம், அட்ராகூரியம் எல்லாம் பூட்டில் ஈர்க்குச்சியைச் செருகுவது போல. நரம்பின் செய்தியைப் பெறத் தசையில் இருக்கும் வாங்கியை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், திறக்காது. இந்த வழியின் மூத்தது கியூராரே, 1942 ஜனவரியில் மான்ட்ரியாலில் முதன்முதலாக மயக்கத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது சாதியில் இன்று புழக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: சக்சினைல்கோலின், நம் பேச்சில் ஸ்கோலின். 1951 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. எவரெஸ்டுக்கு 1922-லும் 1924-லும் போன சாமர்வெல் டாக்டர் நம் நெய்யூரில் கத்தி பிடித்த காலத்தில் இது கிடையாது.

நரம்பு தசைக்கு அனுப்பும் தூதுப்பொருள் அசிட்டைல்கோலின். ஸ்கோலின் என்பது அதன் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிப் பிறந்தது. ஆகவே அது வாங்கியை அடைப்பதில்லை, திறக்கிறது. திறந்தபடியே வைத்திருக்கிறது. மருந்து போனதும் கண் இமையில் தொடங்கி விரல் நுனி வரை தசை துடிக்கும், அப்புறம் எல்லாம் தொய்ந்துவிடும். ஊசி போட்ட ஒரு நிமிடத்தில் டியூப் போடலாம், பத்து நிமிடத்துக்குள் மூச்சு திரும்பும். இத்தனை வேகமும் இத்தனை குறுகிய ஆயுளும் சேர்ந்த தளர்த்தி வேறு இல்லை. அதனால்தான் அதை விட மனம் வராது.

இரண்டாம் படி: மதகைப் புரிந்துகொள்ளுங்கள்

உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றில் 98 பங்கு செல்லுக்குள் இருக்கிறது. செல்லுக்குள் செறிவு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை. பேச்சிப்பாறை அணையையும் அதன் கீழே ஓடும் கோதையாற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதகைக் கொஞ்சம் தூக்கினால் கீழே நீர்மட்டம் லேசாக ஏறும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். உபரி நீரை மொத்தமாகத் திறந்துவிட்டால் திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

நல்ல தசையில் வாங்கிகள் நரம்பு வந்து தொடும் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் நெருக்கியடித்து இருக்கும். ஸ்கோலின் அங்கே மட்டும் மதகைத் திறக்கும். சோடியம் உள்ளே போகும், பொட்டாசியம் வெளியே வரும். ரத்தத்தில் பொட்டாசியம் 0.5 அளவு ஏறும், சிலருக்கு 1 வரை. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் உச்சம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பழைய நிலை. 4.2 இருந்தவருக்கு 4.7 ஆனால் இதயத்துக்கு ஒன்றும் தெரியாது.

நரம்பு செத்தாலோ, தசை நாள்கணக்கில் அசையாமல் கிடந்தாலோ, பெரிய தீக்காயம் பட்டாலோ கதை மாறும். நரம்பைத் தேடி ஏங்குவது போல, தசை தன் மேற்பரப்பு முழுவதும் புது வாங்கிகளை முளைக்கவிடும். அவை கருவில் இருக்கும் குழந்தையின் தசையில் உள்ள ரகம், ஒருமுறை திறந்தால் அதிக நேரம் திறந்தே கிடக்கும். இந்த நிலையில் ஸ்கோலின் போட்டால் ஒரு மதகுக்குப் பதிலாக அணைச்சுவர் முழுக்கத் திறக்கிறது. ஓரிரு நிமிடத்தில் 4.4 என்பது 8, 9 என்று தாவலாம். இதயம் நின்றுவிடும்.

கவனியுங்கள், ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் இதற்கு எந்த அறிகுறியும் இருக்காது. அந்தப் பாட்டாவின் 4.4 உண்மையான 4.4தான். பொட்டாசியம் இன்னும் அணைக்குள்ளேயே இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: நாள் எண்ணுதல்

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியும் இந்த ஒரு படிதான். புது வாங்கிகள் முளைக்க நேரம் வேண்டும். எனவே “என்ன நோய்?” என்று கேட்டதோடு விடாமல் “எத்தனை நாள் ஆச்சு?” என்றும் கேட்க வேண்டும்.

தீக்காயம்: பட்ட முதல் 24 மணி நேரம் ஸ்கோலின் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுக்காதீர்கள். சில நூல்கள் 48 மணி நேரம் வரை சலுகை தரும், நான் தரமாட்டேன். எதுவரை என்று கேட்டால், புண் முழுவதும் ஆறி, தோல் மூடி, ஆள் எழுந்து நடமாடி மாதங்கள் ஆகும் வரை. பலர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பார்கள். தீக்காயக்காரர் தோல் ஒட்டுவதற்காக மறுபடி மறுபடி தியேட்டருக்கு வருவார் என்பதை மறக்காதீர்கள். முதல் நாள் ஸ்கோலின் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று பழைய ஷீட்டில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பதினைந்தாம் நாள் போடுவதுதான் வழக்கமான பொறி.

முதுகுத்தண்டு அடிபட்டவர்: தென்னையேறிகள், பனையேறிகள், கட்டிட வேலைக்காரர்கள், பைக் விபத்து என்று நம் மாவட்டத்தில் இவர்களுக்குக் குறைவே இல்லை. விழுந்த அன்றே அவசரம் என்றால் கொடுக்கலாம். இரண்டு மூன்று நாள் தாண்டினால் வேண்டாம். ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஆபத்து உச்சத்தில் இருக்கும். ஆறு மாதம் கழிந்தால் சரியா? கால் இன்னும் அசையவில்லை என்றால் நான் என்றைக்குமே தொடமாட்டேன். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், கில்லன்-பாரி என்ற நரம்பு நோய் வந்தவர், டெட்டனஸ் வந்தவர் எல்லோரும் இதே கணக்குதான்.

ஐ.சி.யூ.வில் நெடுநாள் படுத்தவர்: நரம்பு நன்றாக இருந்தாலும் அசைவில்லாமல் கிடந்தால் போதும். இரண்டு வாரத்தைத் தாண்டியவர்களில் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. பத்து நாள் ஆனாலே நான் வேறு மருந்தைத் தேடுவேன். வென்டிலேட்டரில் டியூப் கழன்று, ராத்திரி இரண்டு மணிக்கு அவசரமாக மாற்றும்போது யாருக்கும் நாள் நினைவில் இருக்காது. படுக்கைக்கு மேலே “ஸ்கோலின் வேண்டாம்” என்று ஒரு தாள் ஒட்டுங்கள். கேவலமாகத் தெரியும், பரவாயில்லை.

வயிற்றுக்குள் கடும் கிருமித் தொற்று ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தவர், தசை நசுங்கிய காயம் உள்ளவர் ஆகியோரையும் இதே வரிசையில் வையுங்கள்.

நாள் கேட்பதிலும் ஒரு கலை இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் தேதி சொல்வதில்லை. “மாசிக் கொடைக்கு முன்ன”, “ஓணத்துக்கு மறுவாரம்”, “மக கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள்” என்றுதான் பதில் வரும். கிண்டல் செய்யாமல் மொபைலில் காலண்டரைத் திறந்து அவர்களோடு உட்கார்ந்து எண்ணுங்கள். பாதிப் பேர் முதலில் நாகர்கோவிலில் காட்டி, அப்புறம் திருவனந்தபுரம் போய், திரும்பி வந்திருப்பார்கள். மஞ்சப்பையில் இருக்கும் டிஸ்சார்ஜ் தாள் மலையாளப் பெயரோடு ஆங்கிலத்தில் இருக்கும். அதில் சேர்ந்த தேதியைப் பாருங்கள், சொன்ன நாளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

நான்காம் படி: ரிப்போர்ட்

பொட்டாசியம் 6 என்று வந்தால் பதறும் முன் ரத்தம் எடுத்த விதத்தைக் கேளுங்கள். கையை இறுகக் கட்டி, முஷ்டியை மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியில் இழுத்து, குழாயைக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து பொய்யான உயர்வு வரும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததா என்று லேபில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஈசிஜியில் மாற்றம் இருந்தால் மறு ரத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீரகம் பழுதானவருக்கு ஸ்கோலின் கூடவே கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. அவர்களுக்கும் ஏற்றம் அதே 0.5தான். டயாலிசிஸ் முடித்து 4.5-ல் வந்தவருக்கு, வேறு காரணம் இல்லையென்றால், கொடுக்கலாம். ஏற்கெனவே 5.5 தாண்டியவருக்கு அந்த அரையும் கூடாது. இரண்டு டயாலிசிஸ் தவறவிட்டு வந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஐந்தாம் படி: மாற்று மருந்து

ரோக்குரோனியம், கிலோவுக்கு 1.2 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு 72 மி.கி. ஐந்து மில்லி வயலில் 50 மி.கி. இருப்பதால் இரண்டு வயல் உடைத்து 7.2 மில்லி எடுக்க வேண்டும். ஒரே வயலோடு நிறுத்தினால் வேகம் கிடைக்காது, இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். முழு அளவு கொடுத்தால் சுமார் ஒரு நிமிடத்தில் டியூப் போடும் நிலை வரும். பொட்டாசியம் அசையாது.

இதன் விலை, மூச்சு திரும்ப ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் என்பது. உடனே திருப்ப சுகமாடெக்ஸ் இருக்கிறது, கிலோவுக்கு 16 மி.கி. அறுபது கிலோவுக்கு 960 மி.கி., அதாவது 200 மி.கி. வயல் ஐந்து. எல்லா மருத்துவமனையிலும் ஐந்து வயல் கையிருப்பில் இருக்காது, விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. எனவே டியூப் போக மறுத்தால் என்ன செய்வது என்று மருந்து போடும் முன்பே உரக்கப் பேசிவையுங்கள்.

முதலில் கொஞ்சம் வெக்குரோனியம் கொடுத்துவிட்டு ஸ்கோலின் போட்டால் பொட்டாசியம் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துடிப்பு குறையும். பொட்டாசியத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆறாம் படி: போட்டாகிவிட்டது, இனி?

இதை எழுத எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே போட்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், வேறொரு மருத்துவமனையில், அடுப்படித் தீக்காயத்தோடு வந்த பெண். பன்னிரண்டாம் நாள். பழைய ஷீட்டில் ஸ்கோலின் என்று எழுதியிருந்தது, நானும் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்தேன். டியூப் போட்டு முடித்துத் திரும்புகிறேன், மானிட்டரில் ஈசிஜியின் டி அலை ஒவ்வொன்றும் கூடாரம் போலக் கூர்மையாக நிமிர்ந்து நிற்கிறது. அடுத்த அரை நிமிடத்தில் பி அலை காணவில்லை. கியூ.ஆர்.எஸ். விரிந்து விரிந்து, கடைசியில் கடல் அலை மாதிரி உருண்டு உருண்டு போனது. சத்தமும் மாறியது. அந்த ‘பீப்’ இடைவெளி நீண்டதை இன்றும் காதில் கேட்க முடியும்.

அன்று கூட இருந்த சீனியர் நர்ஸ் கால்சியம் ஆம்பூலை உடைத்துக் கையில் கொடுத்தார்கள். அதுதான் முதல் வேலை. கால்சியம் குளூக்கனேட் 10 சதவீதம், பெரியவர்களுக்கு 30 மில்லி, அதாவது மூன்று ஆம்பூல், சில நிமிடங்களில் நரம்பு வழியாக. கால்சியம் குளோரைடு இருந்தால் 10 மில்லி, நல்ல பெரிய நரம்பில் மட்டும், வெளியே கசிந்தால் தசையும் தோலும் வெந்துவிடும். இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் கவசம் போடும். ஓரிரு நிமிடத்தில் தெரியும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிற்கும். ஈசிஜி சீராகவில்லை என்றால் மறுபடி கொடுங்கள்.

அதே சமயம் இன்னொருவர் ரெகுலர் இன்சுலின் 10 யூனிட்டையும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியையும் கொடுக்கட்டும். இது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் திருப்பி அனுப்பும், தொடங்கவே பத்து இருபது நிமிடம் ஆகும். அடுத்த சில மணி நேரம் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சால்புட்டமால் 10 முதல் 20 மி.கி. டியூப் வழியாகவே புகையாகக் கொடுக்கலாம். மூச்சை வேகமாகக் கொடுத்தால் ரத்தத்தின் அமிலம் குறைந்து அதுவும் உதவும். அமிலம் அதிகம் இருந்தால் பைகார்பனேட்.

இதயம் நின்றுவிட்டால் மார்பு அழுத்தத்தைச் சீக்கிரம் கைவிடாதீர்கள். வெளியே வந்த பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திரும்பும். அதுவரை ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருப்பது உங்கள் கைதான். அந்தப் பெண் திரும்பி வந்தார். பதினொரு நிமிடம். மறுநாள் நானே போய் நடந்ததைச் சொன்னேன், அவர் கேட்டதெல்லாம் எப்போது கஞ்சி தருவீர்கள் என்று.

சின்னப் பையன்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். டூஷென் தசைநோய் உள்ள பிள்ளைக்கு நாலைந்து வயது வரை வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஸ்கோலின் போட்டால் தசையே உடைந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் கொட்டும். இப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகுதான் 1990-களில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான எச்சரிக்கை மருந்தின் மீதே அச்சிடப்பட்டது. பையன் நடக்கத் தொடங்கியது தாமதமா, தரையிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறானா, கெண்டைக்கால் பருத்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். சாதாரண ஆபரேஷனுக்குக் குழந்தைகளுக்கு ஸ்கோலின் தேவையில்லை. குரல்வளை இறுகுவது போன்ற அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டபின் பையனின் இதயம் திடீரென நின்றால், காரணம் பொட்டாசியம்தான் என்று வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குங்கள்.

ஏழாம் படி: ஸ்கோலினின் மற்ற இரண்டு ஆபத்துகள்

தாடை பூட்டிக்கொண்டு, வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு காரணமில்லாமல் ஏறி, உடம்பு கொதிக்கத் தொடங்கினால் அது மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா. பரம்பரைக் கோளாறு. 1960-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்தை வைத்து முதலில் விவரிக்கப்பட்டது. ரத்தத்தில் அமிலம், பொட்டாசியம், தசை உடைவைக் காட்டும் சி.கே. நொதி எல்லாம் ஏறும். காய்ச்சல் கடைசியில்தான் வரும், அதற்காகக் காத்திருக்காதீர்கள். வாயு மயக்க மருந்தை நிறுத்துங்கள். இதற்கான மருந்து டாண்ட்ரோலீன் கிலோவுக்கு 2.5 மி.கி., எங்கே கிடைக்கும் என்று முன்பே தெரிந்துவையுங்கள்.

இன்னொன்று, மூச்சு திரும்பாமல் மணிக்கணக்கில் நீள்வது. ஸ்கோலினை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் உண்டு, தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் சமூகத்தில் இது கூடுதலாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. வாழைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குடித்து வந்தவருக்கும் அதே நொதி அடிபட்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. தூங்கவைத்து, வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் போதும். அவசரப்பட்டு, மற்றத் தளர்த்திகளைத் திருப்பக் கொடுக்கும் நியோஸ்டிக்மினைக் கொடுத்தால் அது மிச்சமிருக்கும் நொதியையும் அடக்கிவிடும்.

எட்டாம் படி: எதிர்த்திசை

இதுவரை மருந்து ரத்தத்தை மாற்றியதைப் பார்த்தோம். ரத்தமும் மருந்தை மாற்றும். ரோக்குரோனியம், வெக்குரோனியம் வகைக்கு மெக்னீசியம் ஏறினாலும், கால்சியமோ பொட்டாசியமோ இறங்கினாலும் தளர்ச்சி ஆழமாகி நீளும். ரத்தக்கொதிப்புக்காக மெக்னீசியம் சல்பேட் ஓடிக்கொண்டிருக்கும் கர்ப்பிணிக்கு வழக்கமான அளவைப் பழக்கத்தில் போட்டால், சிசேரியன் முடிந்தும் தலை தூக்கமாட்டார். குறைத்துப் போடுங்கள், நரம்புத் தூண்டி வைத்துப் பாருங்கள்.

மோசமானது ஒரு சுழல். தளர்ச்சி முழுசாகத் தெளியாமல் டியூபை எடுத்தால் மூச்சு மேலோட்டமாக இருக்கும், கார்பன் டை ஆக்சைடு தேங்கும், ரத்தம் அமிலமாகும், அமிலம் தளர்ச்சியைக் கூட்டும், நியோஸ்டிக்மினும் சரியாக வேலை செய்யாது. மானிட்டரில் ஆக்சிஜன் 99 காட்டும், ஏனென்றால் மாஸ்க் போட்டிருக்கிறீர்கள். நரம்புத் தூண்டி கொடுக்கும் நான்கு தூண்டலில் நான்காவது துடிப்பு முதலாவதில் 0.9 பங்கு வராமல் டியூபைத் தொடாதீர்கள். “கையைப் பிடிங்க” என்றால் நன்றாகப் பிடிக்கிறார் என்பது சான்று ஆகாது.

கடைசிப் படி: வீட்டுக்காரர்களுக்கு

மயக்க டாக்டர் வந்து கேட்கும்போது இவற்றை நீங்களே முந்திச் சொல்லுங்கள்: எப்போது விழுந்தார், எப்போது தீப்பட்டது, எத்தனை நாள் படுக்கையில் இருக்கிறார், கடைசி டயாலிசிஸ் என்றைக்கு, குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் மேஜையில் இறந்தார்களா அல்லது எழ நேரமானதா. “அது பழைய கதை டாக்டர்” என்று விடாதீர்கள்.

பிரச்சினை எதுவும் நடந்திருந்தால் வீடு திரும்பும் முன் மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அந்தத் தென்னையேறிப் பாட்டாவுக்கு நான் எழுதிக்கொடுத்தது நான்கு வரி: விழுந்த தேதி, கால் அசைவில்லை, ஸ்கோலின் கொடுக்க வேண்டாம், ரோக்குரோனியம் கொடுத்ததில் பிரச்சினை இல்லை. அவர் மகன் அதை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் ‘எட்டாம் திருவிழா’ என்றும் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.